தன்னியல்பை அறிந்த கலைஞர்

இயல்புக்கு ஏற்ற செயலைத் தேர்ந்து அதில் மனத்தை ஒருமுகப்படுத்துபவனுக்குத் தொழிலே ஆன்மிக சாதனையாகிறது. ஓவியர் நந்தலால் போஸின் வாழ்க்கை இதற்குச் சான்று.

பீகாரிலுள்ள கரக்பூரில் 1882-ஆம் ஆண்டு பிறந்த அவர், கல்கத்தாவில் கல்லூரிக் கல்வி பயின்றார். தேர்வுகளில் தோல்வியே மிஞ்சியது. பின்னர் வணிகவியலில் சேர்ந்தார். அதிலும் மனம் ஒன்றவில்லை. சிறுவயது முதலே பொம்மைகள் வனைவதிலும் பூஜைப் பந்தல்களை அலங்கரிப்பதிலும் திளைத்த உள்ளம் அது. தமது இயல்பு கலையே எனத் தெளிந்தவர், தாம் வரைந்த படங்களுடன் அவனீந்திரநாத் தாகூரை அணுகி அவருடைய மாணவரானார்.

அவருடைய ஆற்றலை உணர்ந்த சகோதரி நிவேதிதையின் தூண்டுதலால் 1909-இல் அஜந்தா சென்று சுவரோவியங்களைப் பிரதியெடுத்தார். பாரதக் கலைமரபின் ஆழம் அங்கே அவருக்குப் புலனாயிற்று. 1922-இல் சாந்திநிகேதனின் கலா பவனத்திற்கு முதல்வரானார். 1938-இல் காந்தியடிகளின் வேண்டுகோளை ஏற்று, ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டிற்காக எளிய உழைப்பாளிகளைத் தீட்டினார். அரசியல் சாசனத்தின் மூலப்பிரதியை மாணவர்களுடன் அழகுபடுத்தினார். காமார்புகூரில் ஸ்ரீராமகிருஷ்ணர் அவதரித்த இடத்தில் எழுந்த கோயிலையும் அவரே வடிவமைத்தார். 1966-இல் மறைந்தார்.

தேர்வில் தோற்ற இளைஞர் தம்மை அறிந்துகொண்டதால் தேசம் ஒரு கலைஞரைப் பெற்றது. மதிப்பெண் குறைந்த பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அவனுடைய மனம் தானாக எதில் ஒன்றுகிறது என்பதைப் பெற்றோர் கவனிப்பது நலம்.