உறவை முறிக்காத வக்கீல்

கடை பாக்கிக்காகவும் வாரிசுப் பங்குக்காகவும் சொந்தங்கள் கோர்ட் படியேறுவது நம் ஊர்களில் புதிதல்ல. அப்படிப்பட்ட ஒரு வழக்குதான் மோகன்தாஸ் காந்தியை உண்மையான வக்கீலாக ஆக்கியது.

1891இல் லண்டனில் பாரிஸ்டர் ஆகி இந்தியா திரும்பினார் காந்தி. பம்பாயில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தபோது அவருக்கு நாக்கே எழவில்லை. கட்சிக்காரரை வேறு வக்கீலிடம் அனுப்பிவிட்டு வெளியேறினார்.

அந்த நேரத்தில்தான் போர்பந்தர் மேமன் முஸ்லிம் வணிகர் தாதா அப்துல்லாவின் நிறுவனம் அவரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்தது. ஓராண்டு வேலை, ஊதியம் 105 பவுன். 1893 மே மாதம் டர்பனில் இறங்கினார்.

வழக்கு டிரான்ஸ்வாலின் பிரிட்டோரியாவில் நடந்தது. எதிர்த்தரப்பு வணிகர் தய்யிப் ஹாஜி கான் முஹம்மது, தாதா அப்துல்லாவின் நெருங்கிய உறவினர், ஊரும் ஒன்றே. கோரிய தொகை 40,000 பவுன். புரோநோட்டு என்றால் என்னவென்றே காந்திக்கு அப்போது தெரியாது. புத்தகம் வாங்கிக் கணக்கெழுதும் முறையைக் கற்றார். அங்கே நடப்பில் இருந்தது ரோமன்-டச்சுச் சட்டம். லண்டனில் லத்தீன் மொழியிலேயே படித்திருந்த ரோமானியச் சட்டம் அவருக்குக் கைகொடுத்தது.

தம் தரப்பு வலுவானது என்று தெரிந்தும், வழக்கு நீண்டால் செலவே இருவரையும் அழித்துவிடும் என்பதை உணர்ந்தார். இருதரப்பையும் மத்தியஸ்தத்துக்கு இணங்க வைத்தார். தீர்ப்பு தாதா அப்துல்லாவுக்குச் சாதகமானது: 37,000 பவுனும் வழக்குச் செலவும்.

மொத்தமாகக் கட்டினால் தய்யிப் சேட் திவாலாகிவிடுவார். மேமன் வணிகருக்கு அது சாவினும் கொடிய அவமானம். நீண்ட காலத் தவணையில் பெற்றுக்கொள்ளும்படி தாதா அப்துல்லாவைச் சம்மதிக்க வைத்தார் காந்தி. மத்தியஸ்தத்துக்கு இணங்க வைத்ததைவிட இதுவே கடினமாக இருந்தது. ஆனால் இருவரின் மானமும் காப்பாற்றப்பட்டது.

1894இல் வெள்ளை வக்கீல்கள் சங்கத்தின் எதிர்ப்பை மீறி நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவானார். மறு ஆண்டு, இறந்துபோன ஒரு முஸ்லிமின் சொத்துப் பங்கீட்டில் அவர் ஈடுபட்டபோது, இந்துவான இவருக்கு இஸ்லாமியச் சட்டம் தெரியாது என்றார் நீதிபதி. அதற்குப் பத்திரிகையில் கடிதம் எழுதி, நம் வாரிசுரிமைச் சட்டத்தை எடுத்துக்காட்டி விளக்கமளித்தார் காந்தி.

சுமார் இருபதாண்டு வக்கீல் வாழ்க்கையில் பெரும்பகுதியை நூற்றுக்கணக்கான வழக்குகளைச் சமரசமாக முடிப்பதிலேயே செலவிட்டதாகப் பின்னாளில் அவர் பதிவு செய்திருக்கிறார்.

சமரசத்தைச் சிறந்ததென்றும், சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் தரும்படியும் சொல்வது நம் மார்க்கம். அதை இரண்டு முஸ்லிம் வணிகர்களிடையே நடைமுறைப்படுத்தியவர் ஓர் இந்து வக்கீல். நியாயம் நம் பக்கம் இருக்கும்போதும் சமரசத்துக்கு இறங்கிவர நாம் தயாரா? அடுத்த முறை நோட்டீஸ் அனுப்பும் முன், சகோதரர்களே, இதைச் சற்று யோசிப்போம்.