கருப்பு உடைப் பாடகர்

அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் 1932-இல் ஆர்க்கன்சா மாநிலத்தில் ஓர் ஏழைப் பருத்தி விவசாயியின் மகனாகப் பிறந்தார். சமயப் போதகராக விரும்பிய அண்ணன் ஜாக் 1944-இல் வாள் இயந்திரத்தில் அறுபட்டு இறந்தபோது ஜானிக்கு வயது 12. அந்த இழப்பு அவரைக் கடைசிவரை விடவில்லை.

புகழ் வந்தது, ஓயாத பயணங்களில் தூக்கத்தை விரட்ட மாத்திரையும் வந்தது. 1965-இல் எல் பாசோ நகரில், கிதார் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான மாத்திரைகளுடன் பிடிபட்டார். முதல் மணவாழ்க்கை முறிந்தது. 1967-இல், சாகும் எண்ணத்தோடு நிக்கஜாக் குகைக்குள் ஊர்ந்து சென்றதாகவும், அங்கே இறைவனை உணர்ந்து திரும்பியதாகவும் பின்னாளில் எழுதினார். வரலாற்றாசிரியர் சிலர் இதை ஐயுறுகின்றனர். ஆனால், ஜூன் கார்ட்டரும் அவருடைய பெற்றோரும் ஜானியின் வீட்டிலேயே தங்கிக் காவல் காத்தது உண்மை. 1968-இல் ஜூனை மணந்தார்.

1975-இல் வெளிவந்த 'மேன் இன் பிளாக்' எனும் தன்வரலாற்றில், விசுவாசத்தால் விடுதலை பெற்றதைச் சொன்னார். கதை அங்கே முடிந்திருந்தால் நமக்கும் வசதியாக இருந்திருக்கும்! பிறகு, பண்ணையில் வளர்த்த நெருப்புக்கோழி உதைத்து விலா எலும்புகள் முறிந்தன. வலிநிவாரணி மீண்டும் அவரை அடிமையாக்கியது. 1983-இல் சிகிச்சை நிலையத்தில் சேர்ந்தார். 1997-இல் எழுதிய இரண்டாம் தன்வரலாற்றில் இந்தச் சறுக்கலையும் அவர் மறைக்கவில்லை.

2003 மே மாதம் ஜூன் மறைந்தார்; நான்கே மாதங்களில் ஜானியும்.