மலையே மனையாக

பாண்டிநாட்டுத் திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு பிறந்தவர் வேங்கடராமன். இரமண மகரிஷி என்று பின்னாளில் உலகம் போற்றியது இவரையே. மதுரையில் பள்ளியில் பயின்ற காலத்தில், உறவினர் ஒருவர் தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகக் கூறினார். அதுவரை திருப்பெயராகவே உள்ளத்தில் நிறைந்திருந்த அருணாசலம், சென்றடையத்தக்க ஓர் ஊர் என்பதை அன்றுதான் அவர் அறிந்தார்.

1896ஆம் ஆண்டு கடிதம் ஒன்றை எழுதிவைத்துவிட்டு இல்லத்தை நீங்கினார். செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். மகனைத் தேடிவந்த அன்னை அழகம்மை, வீடு திரும்புமாறு கண்ணீர் மல்க வேண்டினார். மகனோ மலையைவிட்டு அகலவில்லை.

ஆண்டுகள் பல கழிந்தபின் அன்னையே மலைக்கு வந்து மகனுடன் தங்கினார். கந்தாசிரமத்தில் அடியவர்க்கு அமுது சமைத்தளித்தார். 1922ஆம் ஆண்டு அன்னை மறைந்தபோது, மலையின் தென்புற அடிவாரத்தில் அவரை அடக்கம் செய்தனர். இரமணரும் மலையிலிருந்து இறங்கி அங்கேயே உறையலானார். அவ்விடத்தைச் சுற்றி எழுந்ததே இரமணாசிரமம்.

1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மறையும்வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் அம்மலையைப் பிரிந்ததில்லை. இல்லம் துறந்த மகனுக்கும் அவரைத் தேடிவந்த தாய்க்கும் அம்மலையே இல்லமாயிற்று. மலையை வலம்வரும் மக்கள் இன்றும் அன்னையின் சமாதிமுன் நின்று வணங்கிச் செல்கின்றனர்.