யானுஷ் கோர்ச்சாக்

போலந்து தேசத்து வார்சா நகரில் யூத வழக்கறிஞர் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்த ஹென்ரிக் கோல்ட்ஷ்மித் என்பாரை உலகம் யானுஷ் கோர்ச்சாக் என்னும் புனைபெயராலேயே அறியும். பிறந்த ஆண்டு 1878 என்பாரும் 1879 என்பாரும் உளர். தந்தையார் பதிவு செய்யத் தாமதித்ததே காரணம். அத்தந்தையார் சித்தம் பேதலித்து இறக்கவே குடும்பம் வறுமையுற்றது. இளைஞர் பிறர் பிள்ளைகட்குப் பாடஞ் சொல்லிப் பொருளீட்டி வைத்தியக் கல்வியை முடித்தார்.

1912-ஆம் வருஷம் யூத அநாதைச் சிறார்க்கென எழுந்த இல்லத்தின் தலைமையை அவர் ஏற்றார். ஸ்தெபானியா வில்சின்ஸ்கா அம்மையார் உறுதுணையாயினார். அங்கே சிறுவரே நீதிபதிகளாய் அமர்ந்த நியாயசபை ஒன்றிருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டு அதன்முன் நின்றவர்களுள் கோர்ச்சாக்கும் ஒருவர்!

1920-களின் தொடக்கத்தில் அவர் சிறார்க்கென இயற்றியது மாத்யூஷ் அரசன் கதை. முடிசூடிய சிறுவன் குழந்தைகட்கெனச் சட்டசபை அமைக்கிறான். பின் போரில் தோற்கிறான். பகைவர் அவனை நகரவீதிகளின் வழியே கொலைக்களத்துக்கு நடத்திச் செல்கின்றனர். கடைசிக் கணத்தில் மரணதண்டனை நீங்கித் தீவாந்தரம் விதிக்கப்படுகிறது. சிறுவர் கதையில் இத்துணைத் துயரம் தகுமோ எனின், குழந்தைகளிடம் மெய்யை மறைத்தல் அவர்க்கு உடன்பாடன்று.

நிற்க. 1939-இல் ஜெர்மன் நாஜிப்படை வார்சாவைக் கைப்பற்றிற்று. மறுவருஷம் யூதர் மதில் சூழ்ந்த கெட்டோவினுள் அடைக்கப்பட்டனர். இல்லம் அங்குப் பெயர்ந்தபோது காவலர் பறித்துக்கொண்ட உருளைக்கிழங்கு வண்டியை மீட்கச் சென்ற கோர்ச்சாக், யூதர்க்கு விதித்த கைப்பட்டையை அணியாமையால் சிறையிடப்பட்டார். மீண்டபின் இல்லந்தோறும் இரந்து ஏறத்தாழ 200 குழந்தைகளைப் புரந்தார். நண்பர் தம்மை மதிலுக்கு வெளியே மறைத்துவைக்க முன்வந்தும் இசைந்திலர்.

1942 ஜூலை 18-ஆம் நாள் இல்லத்துச் சிறுவர் தாகூரின் தபாலாபீஸ் நாடகத்தை நடித்தனர். நோயால் அறையில் அடைபட்ட அமல் என்னும் சிறுவன், அரசனது கடிதத்தை எதிர்நோக்கியவாறே கண்மூடுவதே அதன் கதை. மரணத்தை அமைதியோடு எதிர்கொள்ளப் பழக்கவே அதனைத் தெரிந்தெடுத்தார் என்பர். நான்கு நாள் கழித்து, கெட்டோ மக்களைத் திரெப்ளிங்காக் கொலைமுகாமுக்கு ரயிலேற்றத் தொடங்கினர். ஆகஸ்டு முதல் வாரத்தில் கோர்ச்சாக்கும் ஸ்தெபானியாவும் குழந்தைகளும் வீதிகளின் வழியே ரயிலுக்கு நடந்தனர். மாத்யூஷுக்குக் கிடைத்த மன்னிப்பு அவர்கட்குக் கிட்டவில்லை.

அவ்வூர்வலத்தில் மாத்யூஷின் கொடி பறந்ததெனக் கூறுவாரும் மறுப்பாரும் உளர். பிற்காலத்து ஆசிரியர் பலரை ஈர்த்தது இவ்வரலாறு. ஜெர்ரி ஸ்பினெல்லி இளையோர்க்கு எழுதிய மில்க்வீட் (2003), ஜிம் ஷெப்பர்டு பெரியோர்க்கு எழுதிய ஆரோனின் புத்தகம் (2015) ஆகிய இரண்டும் ஒரு சிறுவன் சொல்லும் கதையாகவே அமைந்தவை. பின்னதில் தளர்ந்து இரந்து திரியும் கிழவரைக் காண்கிறோம். வைதாவின் 1990-ஆம் ஆண்டுத் திரைப்படமோ, குழந்தைகள் ரயிற்பெட்டியினின்று இறங்கி ஓடும் கனவுக்காட்சியோடு முடிந்து கண்டனத்துக்குள்ளாயிற்று. அக்கண்டனம் நியாயமே. ஏனெனில், 1942-இல் கெட்டோவில் அவர் எழுதிய நாட்குறிப்பு மறைத்துக் காக்கப்பட்டு 1958-இல் அச்சேறியுள்ளது. களைப்பும் சினமும் அதில் ஒளிவின்றித் தோன்றுகின்றன. ஆகஸ்டு 4-ஆம் நாள் எழுதிய இறுதிப் பக்கத்தில், பூச்செடிகட்கு நீர் வார்த்தவாறு, சன்னலுக்கு எதிரே துப்பாக்கியோடு நிற்கும் காவலன் தன் ஊரில் பள்ளியாசிரியனாய் இருந்தவனோ என்று அவர் எண்ணிப் பார்க்கிறார்.