தோமஸ் ஹொட்ஜ்கின் (1798 – 1866)

தோமஸ் ஹொட்ஜ்கின் இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து, மாணவருக்கு நோயியல் கற்பித்தவர். (நோபல் பரிசு பெற்ற டொரதி ஹொட்ஜ்கின் வேறொருவர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1832இல், நிணநீர்க்கணுக்களும் மண்ணீரலும் வீங்கியிருந்த ஏழு பேரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவ்வீக்கம் காசநோய் போன்றவற்றின் விளைவன்று, தனியொரு நோய் என்பதே அவர் கருத்து. வெற்றுக் கண்ணால் பார்த்தே இதைப் பிரித்தறிந்தார் என்பது வியப்புக்குரியது. ஆயினும் அன்று எவரும் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை.

வட அமெரிக்கச் சுதேச மக்கள் நடத்தப்பட்ட விதத்தை அவர் கண்டித்தமை வைத்தியசாலைப் பொருளாளருக்குப் பிடிக்கவில்லை. 1837இல் எதிர்பார்த்த பதவி கிடைக்காததால் அங்கிருந்து விலகினார். 1865இல் சாமுவேல் வில்க்ஸ் அந்நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார். மறுஆண்டு, பயணம் சென்றிருந்தபோது, யாபா நகரில் வயிற்றுளைவினால் காலமானார்.

இந்நோயில் காணப்படும் இராட்சதக் கலங்கள் எதிலிருந்து தோன்றின என்பது நீண்டகாலம் தெரியாதிருந்தது. பீ நிணநீர்க்குழியம் ஒவ்வொன்றும், பிறபொருளெதிரியை ஆக்கும் பரம்பரையலகுத் துண்டுகளைத் தனக்கே உரிய ஒழுங்கில் இணைத்துக்கொள்ளும். அந்த ஒழுங்கு அதன் வழிவரும் கலங்களிலும் மாறாதிருக்கும். 1994இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் இராட்சதக் கலங்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். ஒரு நோயாளியின் கலங்களில் ஒரே ஒழுங்கு காணப்பட்டது. அவை ஒரேயொரு பீ நிணநீர்க்குழியத்திலிருந்து பெருகியவை என்பது அதனால் தெளிவாயிற்று.