மறதி நோயை ஆராய்ந்த மருத்துவ மேதை அல்சைமர்

முதுமையில் மறதி வருவது இயல்பே. ஆயினும், பெற்ற பிள்ளையின் பெயரையே மறக்கச் செய்யும் மறதி இயல்பன்று. அது மூளையைப் பற்றும் நோய். இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவருள் முதன்மையானவர் அலோயிஸ் அல்சைமர்.

இவர் 1864ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், இன்றைய ஜெர்மனியிலுள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். மருத்துவம் பயின்று, 1888இல் பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் பணியேற்றார். நோயாளிகளைப் பரிவுடன் கவனிப்பதோடு, நுண்ணோக்கியின்வழி மூளைத் திசுக்களையும் இடையறாது ஆராய்ந்து வந்தார்.

1901ஆம் ஆண்டு அவருடைய மனைவி, மூன்று குழந்தைகளை விட்டு மறைந்தார். துயரிலும் அவர் கடமை தவறவில்லை. அவ்வாண்டின் இறுதியில், தம் பெயரையும் எழுதி முடிக்க இயலாத 51 வயதுப் பெண்மணி ஒருவர் மருத்துவமனைக்கு வந்தார். அல்சைமர் அவரிடம் பொறுமையுடன் வினாக்கள் கேட்டு, விடைகளை எழுதி வைத்தார். பின்னர் வேறு ஊருக்குப் பணி மாறிச் சென்றபோதும் அவரை மறந்தாரில்லை.

1906இல் அப்பெண்மணி இறந்தார். அவரது மூளையை ஆராய்ந்த அல்சைமர், நரம்பணுக்கள் பல அழிந்திருப்பதையும், அணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முறுக்கிய இழைகளும் இருப்பதையும் கண்டார். அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் டூபிங்கன் நகரில் மருத்துவர்கள் முன்னிலையில் இதனை விளக்கினார். அவையோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவரோ மனந்தளராது, 1907இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். 1910இல் பேராசிரியர் கிரேப்லின் தம் நூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். 1915ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள், தமது 51ஆம் வயதில் அல்சைமர் இயற்கை எய்தினார்.

அவர் இட்ட வித்து வீண்போகவில்லை. மூளையில் படிவது பெப்டைடு என்னும் சிறு புரதத் துணுக்கு என 1984இல் அமெரிக்க அறிஞர்கள் கிளென்னரும் வோங்கும் கண்டறிந்தனர். மணிகள் கோத்த மாலைபோல், சுமார் 40 அமினோ அமிலங்கள் கோத்த துணுக்கு அது. அத்துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் தடுத்து நரம்பணுக்களைக் காக்கவல்ல வேறு பெப்டைடுகளை அறிஞர்கள் இன்று வடிவமைத்து ஆராய்கின்றனர். முள்ளை முள்ளால் எடுக்கும் முயற்சி இது! நோயை முற்றும் நீக்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்துப் பாட்டியோ தாத்தாவோ கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்டால் நகைக்காதீர், சினவாதீர். பொறுமையுடன் விடை கூறுங்கள். பெற்றோர்களே! முதியோரின் மறதி மிகுந்தால், பேய் பிடித்தது என்றெண்ணாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அல்சைமர் காட்டிய வழி அறிவு மட்டுமன்று, அன்பும் ஆகும்.