அடோல்ப் கெட்லே

அடோல்ப் கெட்லே (பெப்ரவரி 22, 1796 - பெப்ரவரி 17, 1874) பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த வானியலாளரும், கணிதவியலாளரும், புள்ளியியலாளரும் ஆவார். உடற்பருமனை மதிப்பிட இன்று உலகெங்கும் பயன்படும் உடல் நிறைச் சுட்டெண் இவரது ஆய்விலிருந்து தோன்றியதாகும்.

வாழ்க்கைச் சுருக்கம்

கென்ட் நகரில் பிறந்த கெட்லே, ஏழாம் அகவையில் தந்தையை இழந்தார். இளவயதிலேயே கணித ஆசிரியராகப் பணியாற்றி, 1819 இல் கென்ட் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1823 இல் வானியல் பயிலப் பாரிசு சென்றபோது நிகழ்தகவுக் கோட்பாட்டையும் கற்றார். பிரசெல்சு வானாய்வகம் அமைய முன்னின்று உழைத்து, அதன் முதல் இயக்குநரானார். 1834 முதல் இறக்கும்வரை பிரசெல்சு அறிவியல் கழகத்தின் நிரந்தரச் செயலாளராக விளங்கினார். முதலாவது பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டை 1853 இல் பிரசெல்சில் கூட்டினார்.

உடல் அளவுகள் பற்றிய ஆய்வு

வானியலில் அளவீட்டுப் பிழைகளைக் கையாளப் பயன்பட்ட முறைகளை மனிதருக்கும் பொருத்திப் பார்த்த கெட்லே, சராசரி மனிதன் என்னும் கருத்தை 1835 இல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார். வளர்ச்சி முற்றிய மனிதரின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளதெனக் கண்டார். ஆனால் வளரும் பருவத்தில் இவ்விதி பொருந்துவதில்லை என்பதையும், பூப்புப் பருவத்தில் எடை விரைந்து கூடுகிறது என்பதையும் அவரே பதிவு செய்தார். மக்கள்தொகையின் இயல்பை விளக்குவதே அவரது நோக்கம்; உடற்பருமனை அளப்பதன்று.

உடல் நிறைச் சுட்டெண்

கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் இவ்வெண் நெடுங்காலம் கெட்லே சுட்டெண் எனப்பட்டது. உணவுக் கொழுப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த அமெரிக்க உடலியங்கியலாளர் ஆன்செல் கீசு, 1972 இல் இதற்கு உடல் நிறைச் சுட்டெண் எனப் பெயரிட்டார். கீசின் அவ்வாய்வும் வளர்ந்த ஆண்களையே அடிப்படையாகக் கொண்டது.

பதின்வயதினர்

வளர்ந்தோரில் சுட்டெண் 30 அல்லது அதற்கு மேற்பட்டால் உடற்பருமன் எனக் கொள்ளப்படுகிறது. இவ்வெல்லை பதின்வயதினருக்குப் பொருந்தாது. உலக சுகாதார அமைப்பு 5 முதல் 19 அகவை வரையிலானோருக்கு அகவை, பால் அடிப்படையிலான அட்டவணைகளை 2007 இல் வெளியிட்டது. அதன்படி 13 அகவைச் சிறுவனுக்குச் சுட்டெண் ஏறத்தாழ 25 ஐத் தாண்டினாலே உடற்பருமனாகும். வளர்ந்தோருக்கான எல்லையைக் கொண்டு பார்த்தால் அச்சிறுவனின் பருமன் கண்டறியப்படாமலே போகும். தசையையும் கொழுப்பையும் பிரித்தறிய இயலாமை இச்சுட்டெண்ணின் மற்றொரு குறைபாடாகும்.

இறுதிக்காலம்

1855 இல் பக்கவாதத்தால் தாக்கப்பட்ட போதும் கெட்லே தமது ஆய்வுகளைக் கைவிடவில்லை. 1874 இல் பிரசெல்சில் காலமானார்.